தாடைக் கம்பிக்கு ஓர் அனுமதிக் கடிதம்

அறுபதுகளின் நடுவில், மாட்டுங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் பதிவுப் பிரிவுக் குமாஸ்தாவாக இருந்தேன். தர்மம் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது. உள்ளே வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் செம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் ஆட்கள். அவர்களுடைய சிகிச்சைச் செலவைத் தொழிற்சாலை ஏற்கும். அது ஏற்க வேண்டுமானால் எந்தத் தாளில் எதை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பதே என் உத்தியோகம். நான் தர்க்கமும் சரித்திரமும் படித்துப் பி.ஏ. தேறியவன். அந்தப் பிரிவில் வேறு பட்டதாரி கிடையாது. இதைத் தற்பெருமை என்று கொள்பவர்கள் கொள்ளட்டும்; பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்லியாக வேண்டும்.

முக எலும்பு முறிவுகளைக் கவனித்த சர்ஜன் வாரத்தில் இரண்டு நாள் வருவார். கையில் அபாரத் திறமை. மெல்லிய எஃகுக் கம்பியைப் பற்களின் கழுத்தில் சுற்றி, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் சேர்த்து முறுக்கிக் கட்டிவிடுவார். எலும்பு கூடும்வரை ஆறு வாரம் வாய் திறக்காது. பாலும் கஞ்சித் தண்ணீரும்தான் ஆகாரம். ஆனால் இவ்வளவு நுட்பமாகக் கம்பி முறுக்கிய அதே கை, செய்ததை எழுதச் சொன்னால் முடங்கிப் போகும். மருந்துக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுக்கும் குறிப்புத்தாளில், வினைச்சொல்லே இல்லாத ஐந்தாறு வரிகளை, ஓடும் டாக்ஸியில் எழுதியதுபோல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அதைக் கேள்வி கேட்டால், எலும்பைப் பற்றிக் குமாஸ்தாவுக்கு என்ன என்பதுபோல் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

அந்தத் துண்டுத்தாளிலிருந்து ஒரு ஒழுங்கான அறிக்கையும் அதற்கேற்ற பில்லும் உண்டாக்குவது என் வேலை. எந்த எலும்பு, எந்தப் பக்கம், ஓரிடத்தில் முறிவா இரண்டிடத்திலா, தோலைத் திறந்து கட்டியதா திறக்காமல் கட்டியதா, மயக்க மருந்து யார் கொடுத்தார் என்பனவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். இடப்பக்கம் என்ற சொல் விடுபட்டால் தாள் திரும்பி வரும். மனித முகத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்ற ஒரே விஷயத்தில்தான் தொழிற்சாலை அலுவலகங்கள் தூங்காமல் விழித்திருந்தன.

என் தாள்கள் திரும்பி வந்ததில்லை. அனுப்பிய அறிக்கையில் பிழை இருந்தால், அதை ஒப்புக்கொண்டு திருத்தக் கடிதம் ஒன்று அனுப்ப வேண்டும் என்பது விதி. மற்ற குமாஸ்தாக்கள் மாதம் ஒன்றாவது அனுப்புவார்கள். நான் ஒன்றுகூட அனுப்பியதில்லை. தலைமைக் குமாஸ்தா ஓய்வு பெறவிருந்தார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்பதைப் பிரிவில் எவரும் சந்தேகிக்கவில்லை, நானும் சந்தேகிக்கவில்லை.

தாடைக் கம்பிக் கேஸ்களை அதுவரை பார்த்து வந்தவர் என் பக்கத்து மேஜைக்காரர். வெற்றிலைக் கறை படிந்த மனிதர். கம்பி கட்டிய நோயாளியின் தாள்களை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, ஆறு வாரம் கழித்துக் கம்பியை எடுத்த பிறகுதான் பில் எழுதுவார். ஏன் என்று கேட்டால், “அப்படித்தான் வழக்கம்” என்பார். சோம்பேறித்தனத்துக்கு வழக்கம் என்று பெயர் வைத்துக்கொள்கிற இந்த ஜாதியைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர் நீண்ட விடுப்பில் போனபோது அந்தத் தாள்கள் என் மேஜைக்கு வந்தன. வந்த முதல் கேஸையே நான்கு நாளில் எழுதி முடித்து அனுப்பினேன்.

அந்தக் கேஸின் ஆள் தாராவியில் குடியிருந்தவர். தென் திருநெல்வேலிப் பக்கம். செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து, கொக்கி வீசி, கீழ்த் தாடை இரண்டிடத்தில் முறிந்திருந்தது. சர்ஜன் கட்டினார், வழக்கம்போல் துண்டுத்தாள் கொடுத்தார். அதன் கடைசி வரி, கம்பி ஆறு வாரம் இருக்க வேண்டும், பிறகு எடுக்க வேண்டும் என்றது. நான் அந்த வரியை அறிக்கையில் சேர்க்கவில்லை. கவனக்குறைவு அல்ல, யோசித்துத்தான் விட்டேன். பதிவு என்பது நடந்ததைச் சொல்வது. இனி நடக்கப் போவதை எழுதினால் அது ஜோசியம். இதை நான் மற்றவர்களுக்கு உபதேசமாகவும் சொன்னதுண்டு. அறிக்கையின் அடியில் ‘சிகிச்சை முற்றிற்று’ என்று எழுதி, கையெழுத்திட்டு, செம்பூருக்கு அனுப்பினேன். அப்படி எழுதாவிட்டால் அவர்கள் பில்லைத் தொடமாட்டார்கள். எழுதிவிட்டால் அந்தக் காயத்துக்கு வேறு பில் கிடையாது.

ஆறாம் வாரம் அந்த ஆளின் மனைவி அவரை அழைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் பால் சொம்பு. அவர் அவளுக்குப் பின்னால் துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

“ஐயா, இன்னைக்குக் கம்பி எடுக்க வரச் சொன்னாவ. ஆளக் கூட்டியாந்திருக்கேன்.”

“கம்பெனியிலேர்ந்து அனுமதிக் கடிதம் இருக்கோ?”

“என்ன கடிதம்? கட்டும்போது ஒருத்தரும் கடிதம் கேக்கலியே.”

“அது அவசரக் கேஸும்மா. இது அவசரம் இல்லே.”

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பற்களுக்கு நடுவில் ஏதோ சொன்னார். சீறல் மாதிரி வந்தது, எனக்குப் புரியவில்லை.

“என்ன சொல்றார்?”

“அவியளுக்கு அவசரந்தானாம்,” என்றாள்.

சர்ஜனிடம் போனேன். கம்பெனி நோயாளியை அனுமதிக் கடிதம் இல்லாமல் ஆபரேஷன் அறைக்குள் விடக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. மனிதர் கை கழுவிக்கொண்டே, “காகஜ் லாவ். பாஞ்ச் மினிட் கா காம் ஹை,” என்றார். தாள் வந்தால் ஐந்து நிமிஷ வேலையாம். அந்த ஐந்து நிமிஷத்தை அவர் தாள் இல்லாமலே செலவிட்டிருக்கலாம். டென்னிஸுக்கு நேரமாகிவிட்டது.

நான் செம்பூருக்கு எழுதினேன். கம்பி எடுக்க அனுமதி கோரும் ஒழுங்கான கடிதம். மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘தங்கள் அறிக்கையிலேயே சிகிச்சை முற்றிற்று என்று காண்கிறது. முற்றிய சிகிச்சைக்கு அனுமதி எதற்கு? முற்றவில்லை எனில் அறிக்கையைத் திருத்தி அனுப்பவும்.’

அதில் கையெழுத்திட்டவர் அந்தத் தொழிற்சாலையின் நலத்துறை அதிகாரி. எங்கள் தெருவில் எதிர்க் கட்டடத்தில் குடியிருந்தார். பாலக்காட்டுக் குடும்பம். சனிக்கிழமைக் கச்சேரிகளில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, தப்பான தாளத்தைத் தொடை சிவக்கத் தட்டுவார். கட்டடத்தில் யாருடைய மகன் பரீட்சையில் தவறினான், யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்பதெல்லாம் இடைவேளையில் அவர் வாயிலிருந்துதான் வெளிவரும். நான் ஒரு திருத்தக் கடிதம் அனுப்பினால் அடுத்த சனிக்கிழமை அது மாட்டுங்கா முழுவதும் காப்பியோடு பரிமாறப்படும்.

ஆகவே திருத்தவில்லை. மாற்றுவழி தேடினேன். முன்னுதாரணங்களைக் காட்டி ஒரு கடிதம், எலும்புச் சிகிச்சையின் இயல்பை விளக்கி ஒரு கடிதம். இரண்டும் நல்ல ஆங்கிலத்தில் இருந்தன என்பதை இன்றும் சொல்வேன். இரண்டுக்கும் அதே மூன்று வரிதான் பதில்.

இதற்கிடையே அந்தப் பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். வரிசையில் நிற்பாள், முறை வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

“மாட்டுக்கு வாய்க்கூடை போட்டாக்கூட சாயந்தரம் கழத்திருவாவ, ஐயா. எங்க வீட்டு ஆளுக்கு ஏழு வாரமாச்சி.”

“எழுதியிருக்கேம்மா. பதில் வரணும்.”

“என்னத்தத்தான் எழுதுதியளோ. ஈறெல்லாம் புண்ணாக் கெடக்கு. வெறும் தண்ணியக் குடிச்சிக் குடிச்சி ஆளு பாதியாயிட்டாவ.”

“முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரேன்.”

“போகாம இருப்பனா? கட்டுனவங்களே அவுக்கட்டுங்காவ. எங்க சந்துல டப்பா பட்டறைக்காரன் ஒருத்தன், குறடு இருக்கு, ரெண்டு நிமிசத்துல நறுக்கிருதேங்கான். நறுக்கவா?”

“வேண்டாம்! பல்லோட வந்துடும். அப்புறம் நீங்களே கையை வச்சதுன்னு கம்பெனியிலே லீவையும் ரத்து பண்ணிடுவா.”

“அப்ப நீங்களுஞ் செய்ய மாட்டிய, எங்களையுஞ் செய்ய விட மாட்டிய,” என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு எதற்கும் சிரிப்பு வரும்.

கம்பி வாயில் இருக்கும்வரை அந்த மனிதரை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். காய விடுப்பில் பகார் என்கிற சம்பளத்தில் பாதிதான். ஆனால் அவள் பகாரைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் செம்பூர் அலுவலகம் ஒரு தாராளத்தைக் காட்டியது. அறிக்கையைத் திருத்த இயலாவிட்டால், தொழிலாளி நேரில் வந்து, தமக்கு இன்னும் சிகிச்சை தேவை என்று வாக்குமூலம் தரலாம். ஆஸ்பத்திரிப் பிரதிநிதி கோப்போடு உடன் வர வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டென்ட் என்னை அனுப்பினார். குர்லாவில் வண்டி மாறிச் செம்பூரில் இறங்கியபோது அவர்கள் இருவரும் முன்பே வந்து தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி ஃபாரத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். மேலே மின்விசிறி, கீழே கண்ணாடி பதித்த மேஜை, கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள். அந்த ஃபாரத்தை வகுத்தவன் எவனோ தெரியாது; அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதில், ‘தொழிலாளியின் கூற்று, அவர் வாயால் சொன்னபடி’ என்று ஒரு கட்டம் இருந்தது.

“பேரைச் சொல்லு,” என்றார் அதிகாரி.

ஃபிட்டர் சொன்னார். சீறல்தான் வந்தது.

“என்னது? ஒண்ணும் கேக்கலை. நன்னா வாயைத் திறந்து சொல்லு.”

“அதுக்குத்தானய்யா வந்திருக்கோம்,” என்றாள் அவள்.

அதிகாரி பேனாவை உயர்த்தினார். “நீ பேசப்படாது. இது அவனோட வாக்குமூலமாக்கும்.”

“அவிய வாயி ஒங்க கம்பெனிக் கம்பியில கட்டிக் கெடக்கு. நான் பேசாம இந்த நாற்காலியா பேசும்?”

“பேசப்படாதுன்னா பேசப்படாது. நீ கம்பெனித் தொழிலாளியா?”

“இல்லய்யா. தொழிலாளிக்குக் கஞ்சி ஊத்துதவ.”

அந்த மனிதர் கையால் அவளை அமர்த்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில், திருத்தமான தமிழ் எழுத்தில் எழுதி மேஜைமேல் வைத்தார். ‘கம்பியை எடுத்து விடுங்கள். பின்பல் இரண்டு ஆடுகிறது.’ நான் அதைத் தலைகீழாக இருந்தபடியே படித்தேன். அதிகாரியும் படித்தார். வீட்டில் தமிழ் பேசுகிறவர், தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறவர், அந்தக் காகிதத்தை ஒற்றை விரலால் திரும்பத் தள்ளினார்.

“எழுதினதை எடுத்துக்க முடியாது. வாயால சொன்னபடின்னு ஃபாரத்துல இருக்கு. தமிழுக்கு வேற நான் எங்கே போய் டிரான்ஸ்லேட்டரைத் தேடறது?”

பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“நீர் சொல்லும், ஓய். இது உம்ம கையெழுத்துதானே? சிகிச்சை முற்றிற்றுன்னு ரொம்ப நன்னா எழுதியிருக்கீர். இல்லே, பிசகிப் போயிடுத்துன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டா இப்பவே அனுமதி தந்துடறேன். என்ன சொல்றீர்?”

சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு அந்தத் தாடை ஒரு பொருட்டில்லை. எனக்கு ஒரு பிசகு நேர்ந்ததா என்பதுதான் பொருட்டு.

என் கோப்பில், நாலாவது தாளாக, சர்ஜனின் துண்டுத்தாள் இருந்தது. அதில் அந்த வரி இருந்தது. நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் அதை எடுத்து மேஜைமேல் வைப்பதுதான்.

“டாக்டரைக் கேட்டுண்டு சொல்றேன்,” என்றேன்.

டாக்டரிடம் கேட்க எதுவுமில்லை. அதிகாரிக்கும் அது தெரியும். கட்டத்தில், ‘கூற்று விளங்கவில்லை’ என்று எழுதி மையொற்றினார்.

செம்பூர் ஸ்டேஷனில் ஒரே ஒரு பெஞ்சுதான் நிழலில் இருந்தது. அவர்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த மனிதர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அவள் நகரவில்லை, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. வெயிலில் நின்றேன். மரியாதையை எதிர்பார்த்துப் பழகியவனுக்கு, தகுதியில்லாத நேரத்தில் அது கிடைத்தால் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் தனியாக வந்தாள். ஜன்னல் முன் இருபது பேராவது நின்றிருப்பார்கள். முறை வந்தபோது கம்பியைப் பிடிக்கவில்லை; குரலை உயர்த்தவும் இல்லை.

“ஐயா, அந்த ஆபீசர் கையில வச்சிருந்தாரே, நீங்க எழுதுன காயிதம். அது ஒங்க கிட்டயும் ஒண்ணு இருக்குமில்லா?”

“நகல் இருக்கு.”

“அத எனக்குத் தமிழ்ல படிச்சிக் காட்டுங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது.”

நோயாளியின் குடும்பத்தார் கேட்டால் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. அதுவரை யாரும் கேட்டதில்லை. நகலை எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கீழ்த் தாடை, இடப்பக்கம் ஓரிடம், வலப்பக்கம் ஓரிடம், தோலைத் திறக்காமல் கம்பி கொண்டு மேல் தாடையோடு சேர்த்துக் கட்டப்பட்டது. அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தாள். அதுவரை எல்லாம் சரி என்பதுபோல.

“சிகிச்சை முடிந்தது,” என்று கடைசி வரியைப் படித்தேன்.

“முடிஞ்சிதுன்னு டாக்டரா சொன்னாவ?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

“இல்லே. நான் எழுதினது.”

“டாக்டர் என்ன சொன்னாவ?”

“ஆறு வாரம் கழிச்சுக் கம்பியை எடுக்கணும்னு எழுதியிருந்தார். நான் அதைச் சேர்க்கலை.”

“ஏன்?”

நடந்ததைத்தான் பதிவு செய்ய வேண்டும், நடக்கப் போவதை அல்ல என்ற என் கோட்பாட்டை அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். கல்லூரியில் தர்க்க வகுப்பில் நன்றாக நின்ற வாக்கியம் அது. அந்த ஜன்னலில், இரண்டாவது சொல்லுக்குமேல் அதை நிறுத்திவைக்க என்னால் முடியவில்லை.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு, “முடிஞ்சிதுன்னு எழுதுன கையி, முடியலன்னு எழுதாதா?” என்றாள். பின்னால் நின்ற ஒருவன், “அட, எழுதித் தொலைங்க சார், நாங்களும் போணும்,” என்றான்.

பால்கனியில் காயும் துணி எல்லோருக்கும் தெரிவதுபோல் என் பிசகு இருபது பேருக்குத் தெரிந்துவிட்டது. அவர்களில் எவரும் அதை ஒரு பெரிய விஷயமாக நினைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது இன்னும் அவமானமாக இருந்தது. இத்தனை வாரம் நான் காத்துவந்த பொருளுக்கு வெளியே அவ்வளவுதான் மதிப்பு.

அப்போதே எழுதினேன். ‘சர்ஜனின் குறிப்பிலிருந்த ஒரு வாக்கியத்தை நான் அறிக்கையில் சேர்க்காமல் விட்டேன். சிகிச்சை முற்றவில்லை. தவறு என்னுடையது.’ மூன்று வாக்கியம். நான் அந்த ஆஸ்பத்திரியில் எழுதிய ஆங்கிலத்தில் அலங்காரம் இல்லாதது அது ஒன்றுதான். சூப்பரின்டென்டென்ட் கையொப்பம் வாங்கி, மதிய வண்டியில் நானே செம்பூருக்குக் கொண்டுபோனேன்.

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். முதல் முறை விஷயத்துக்காக. இரண்டாம் முறை ருசிக்காக. “அடடா, உமக்குமா இப்படி?” என்றார். “சரி, போகட்டும். மனுஷாளுக்குத்தானே பிசகு வரும்.” அனுமதியில் கையெழுத்திட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர் மேஜையில் மூன்று வாரமாக இருந்தது. எழுதிக் கேட்டவன் தலை குனிய வேண்டும் என்பது மட்டும் பாக்கியிருந்தது. சனிக்கிழமை கச்சேரிக்கு நான் போகவில்லை. போகாமலே என்ன பேசப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வாரத்தில் கம்பியை எடுத்தார்கள். சர்ஜன் சொன்னது சரி, ஐந்து நிமிஷம்தான். ஆடிய பின்பல் இரண்டில் ஒன்று கம்பியோடு வந்துவிட்டது. மூன்றாம் நபராக அங்கே நான் நிற்க வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் நின்றேன். வாய் விடுபட்டதும் அந்த மனிதர் செய்த முதல் காரியம் கொட்டாவி விட்டது. ஒன்பது வாரமாக அடக்கிவைத்திருந்த கொட்டாவி பாதியில் வலித்து நின்றுவிட்டது. தாடை இறுகியிருந்தது. சர்ஜன் அவருடைய சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பற்களுக்கிடையே வைக்கச் சொன்னார். இரண்டு விரல் போயிற்று, மூன்றாவது போகவில்லை. நன்றாக இருக்கிற வாய்க்கு மூன்று விரல் போகும். பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். துண்டுத்தாளில் ‘கம்பி எடுக்கப்பட்டது’ என்ற இரண்டே சொல்.

அவர்கள் என் ஜன்னலுக்கு வந்தார்கள். முதல் தடவையாக அவர் குரலை முழுசாகக் கேட்டேன். நான் நினைத்ததைவிட மெல்லிய குரல். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

“வேலைக்குப் போவச் சீட்டு வேணும், ஐயா.”

“தரேன்.”

“ரெண்டு வெரல்தான் போவுதுன்னு அதுல எழுதுங்க. டாக்டரு எழுதல. பொறவு தாடை சரியா வரலன்னா, முன்னாலயே இருந்துச்சாம்பாவ.”

“ஒரு பல்லு போனதையும்,” என்றாள் அவள்.

சர்ஜன் எழுதாததை ஒரு முறை எழுதிப் பட்டது போதும். தாளை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் அறைக்குத் திரும்பிப் போய், கோட்டைப் போட்டுக்கொண்டிருந்த அந்த மகானை வழிமறித்து, இரண்டு விரல் என்றும் ஒரு பல் என்றும் அவர் கையாலேயே எழுதவைத்தேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். எழுதினார். வந்து அறிக்கையில் ஏற்றினேன்: ‘வாய் தற்போது இரண்டு விரல் அகலமே திறக்கிறது. இடப்பக்கப் பின்பல் ஒன்று இழப்பு. பயிற்சி தொடர வேண்டும். சிகிச்சை முற்றவில்லை.’ அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். சரி என்றாள். நன்றி சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

திருத்தக் கடிதம் என் சொந்தக் கோப்பில் ஏறியது. விடுப்பிலிருந்து திரும்பிய வெற்றிலைக்காரர் தலைமைக் குமாஸ்தாவானார். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்த அபத்தங்களை எழுத இது இடமல்ல. ஆனால் தாடைக் கம்பித் தாள்களை ஆறு வாரம் இழுப்பறையில் வைக்கும் அவருடைய வழக்கத்தில், அவருக்கே தெரியாமல், ஓர் அர்த்தம் இருந்தது என்பதை நான் மறுக்க முடியாது.

பத்து நாளில் செம்பூரிலிருந்து என் புதிய அறிக்கை திரும்பி வந்தது. ஓரத்தில் அதிகாரியின் பச்சை மையில் ஒரு கேள்வி: ‘இரண்டு விரல் என்பது யாருடைய விரல்? தெளிவுபடுத்தவும்.’

முன்பு என்றால் கோபம் வந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கு நல்ல ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியிருப்பேன். அந்தப் பச்சை மைக்குக் கீழே, ‘தொழிலாளியினுடையவை. நேரில் வந்தால் வைத்துக் காட்டுவார். இப்போது வாயைத் திறந்தும் சொல்வார்’ என்று எழுதி, கையெழுத்திட்டு, அன்று மாலைத் தபாலிலேயே சேர்த்தேன்.